கிணற்றின் மூச்சுக்குழாய்

மத்தியானம் இரண்டு மணி. காலி வீதியில் ஒரு சனம் இல்லை.

கேட்டீர்களா? கொழும்பு வெள்ளவத்தையில், எந்நேரமும் நெரிசலான காலி வீதியில், ஒரு சனம் இல்லை! பேய்க்கு நடுச்சாமம்தான் வேண்டும் என்று எவன் சொன்னான்? கொரோனா ஊரடங்கு நாட்கள் அவை. நகைக்கடை, புடவைக்கடை, வடை பொரிக்கிற கடை எல்லாம் ஷட்டர் இழுத்துக் கிடந்தன. கடல் இரைகிற சத்தம் பெரிய ரோட்டுக்கே கேட்டது. ஹெக்டர், கரண்ட் வரும்வரை அந்த மெழுகுதிரியை ஊதி விளையாடாதே, கதை சொல்கிற எனக்கும் பயம்தான். நடந்தது நம் கிறிஸ்ரியின் மனைவிக்குப் பெரியப்பா முறையான சிவபாதசுந்தரத்துக்கு. கிறிஸ்ரி இங்கேதான் இருக்கிறான். பொய் என்றால் அவனே சொல்லட்டும்.

மரக்கறி லொறிக்காரனிடம் ஒரு பை வாங்கிக்கொண்டு, கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையால் சிவபாதசுந்தரம் திரும்பி வந்தார். ப்ளாட்டின் கார் நிறுத்துமிடத்துக்குள் கால் வைத்ததும் ஒரு மணம்... நனைந்த மரம் எரிந்து அணைந்த மணம். குப்பை எரிக்கிறார்களாக்கும் என்று நினைத்தார். அப்போதுதான் தூணோரமாக நின்ற சாம்பல்நிறக் குழாய்க்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. இரகசியக் குரல்.

"அவங்கள் போயிட்டாங்களோ?"

மனுசனுக்குப் பை கைநழுவியது. உருளைக்கிழங்கு உருண்டோடியது.

குழாய் என்ன குழாய் என்கிறீர்களா? முன்பு அந்த ஒழுங்கை முழுவதும் ஓட்டு வீடுகள். வீட்டுக்கு ஒரு முற்றம், ஒரு பலாமரம், ஒரு கிணறு. எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் சில வீடுகள் எரிந்தன, மற்றவை விலைப்பட்டன. பிறகு வடக்கிலிருந்து ஆட்கள் வர வர, மாடிக்கு மேல் மாடி எழும்பியது. இன்றைக்கு அங்கே ப்ளாட் வாங்க வருபவர்கள் லிஃப்ட் உண்டா, ஜெனரேட்டர் உண்டா, கடல் தெரியுமா என்று கேட்பார்கள். முதலில் யார் வீடு இருந்தது என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் சொல்வதற்கு ஆள் இருந்துவிடுமோ என்ற பயம். கிணறுகளை மட்டும் சும்மா மூடுவதில்லை. மூச்சு விட ஒரு குழாய் வைத்துத்தான் மூடுவார்கள். கட்டடக்காரன் எந்தச் சாதி, எந்தச் சமயம் என்றாலும் சரி, அதை மட்டும் மீறமாட்டான்.

சிவபாதசுந்தரம் ஓய்வுபெற்ற எஞ்சினியர். குழாய் பேசுகிறது என்று வெளியில் சொன்னால் மானம் போய்விடும். ஆனால் வீட்டில் மகள் சுதர்சினி ஏழு மாதக் கர்ப்பிணி. இரண்டு தரம் கலைந்து, மூன்றாம் தரம் தங்கிய பிள்ளை. அசையக்கூடாது, பயப்படக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மருமகன் டோஹாவில் அகப்பட்டுக்கொண்டான், தாய் உயிரோடு இல்லை. அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்பதைத் தவிர மனுசனுக்கு வேறு நினைப்பே கிடையாது. அவளுடைய அறையோ சரியாக அந்தக் குழாய்க்கு மேலே.

"அப்பா, கீழ ஆரோ ஒரு அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறா. உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

"ஒருத்தருமில்லைப் பிள்ளை. காத்து. நீ படு."

அவள் படுக்கவில்லை. சாப்பாட்டையும் ஒதுக்கத் தொடங்கினாள். பொறுக்க மாட்டாமல் அவர் மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு மெற்றில்டாவைக் கூப்பிட்டார். அந்த ஒழுங்கையில் இன்னும் விற்காமல் நிற்கிற ஒரே பழைய வீடு அவளுடையது.

மெற்றில்டா குழாயைப் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள்.

"எண்பத்திமூண்டிலயும் இப்பிடித்தான் ஊரடங்கு, ரோட்டில ஒரு சத்தமில்லை. இங்க இருந்த பொம்பிளை ஒருத்தி இறங்கி ஒளிச்ச அந்தக் கிணத்தை ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லை, ஐயா... நாங்களும்தான். அதோட கதைக்காதேங்கோ. ஆனா அதை அடைக்கவும் வேண்டாம்."

கேட்டாரா? அன்று பின்னேரமே பழந்துணியைத் திணித்து, மேலே சீமெந்து பூசிவிட்டார். வீட்டில் வாயும் வயிறுமாக ஒருத்தி இருக்க, எந்தத் தகப்பன்தான் சும்மா இருப்பான்?

அடுத்த நாள் சத்தமில்லை. சுதர்சினி புட்டும் சம்பலும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

அதற்கடுத்த நாள் காலை... பாத்ரூமில் தண்ணீர் போகிற ஓட்டை 'களக், களக்' என்றது. புகை மணம் வீடு நிறைந்தது. பிறகு அதே குரல், கிட்டத்தில். மூச்சு முட்டுகிற குரல்.

"அவங்கள்... போயிட்டாங்களோ?"

சிவபாதசுந்தரம் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு படியால் பாய்ந்தார். "கடவுளே, நான் செய்தது பிழை, பிழை" என்று வாய்விட்டு அழுதபடியே சீமெந்தை உடைத்தார். துணியை இழுத்தெடுத்ததும் உள்ளேயிருந்து காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. ஒரு நீண்ட மூச்சு. அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

மேலே ஓடி வந்தால், சுதர்சினி பாத்ரூம் வாசலில் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். முகத்தில் பயம் என்பது மருந்துக்கும் இல்லை.

"பாவமப்பா. எவ்வளவு காலமாக் கேக்கிறா, ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. நான் சொல்லிட்டன்."

"என்ன சொன்னனீ?"

"ஓம் அக்கா, போயிட்டாங்கள், வெளியில வாங்கோ எண்டு."

மனுசன் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். அப்படியே அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து குழாய் பேசவில்லை. மாதம் நிறைந்து, சுகப் பிரசவத்தில் பெண்குழந்தை பிறந்தது. நேர்ஸ் தட்டினாள். குழந்தை வாயைத் திறந்தது, முகம் சிவந்தது, அழுதது... சத்தம் மட்டும் வரவில்லை. டொக்டர்மார் எல்லாச் சோதனையும் செய்தார்கள். தொண்டையில் ஒரு குறையும் இல்லையாம்.

உண்மைதான், குறையே இல்லை. இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள், வாயாடி. சிரித்தால் ஒழுங்கை முழுவதும் கேட்கும். அழுது மட்டும் ஒருவரும் கேட்டதில்லை.

போன மாதம் படியில் விழுந்து நெற்றி பிளந்தது. தையல் போடும்போது கிறிஸ்ரிதான் பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவளுடைய இரண்டு கையும் அவன் பிடிக்குள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாய் திறந்தது, உடனே அமுங்கி மூடிக்கொண்டது. முகம் நீலம் பாரித்தது. நேர்ஸ் பதறிப்போய் முதுகைத் தட்டி, ஒருவாறு மூச்சு வரவழைத்தாள்.

வாயைச் சுற்றி, இரண்டு கன்னத்திலும், வாய் பொத்திய விரல் தடம் பதிந்திருந்தது. கிறிஸ்ரி தன் கண்ணால் பார்த்தான். வளர்ந்த ஒரு பெண்ணின் விரல்கள்.