காலிக் கூண்டு

— இன்னிக்கும் காலிதான், அக்கா. ஒரு குஞ்சுகூட இல்ல. மூட்டை கட்டிக் கிளம்புவோம்.

— இரு. அந்தக் கூண்டை இப்படிக் கொடு, ஈவான்.

— கம்பிக் கூண்டுல பாக்க என்ன இருக்கு?

— இரைக்குக் கட்டின மீன்முட்டையில பாதியைக் காணோம். கதவுக் கொக்கி வேற இடப்பக்கமா மாட்டியிருக்கு. நம்ம குடும்பத்துல இடதுகைக்காரன் ஒருத்தன்தான்.

— கரடி தின்னுருக்கும்.

— தின்னுட்டுக் கொக்கியை மாட்டிட்டுப் போச்சாக்கும். நல்லா வளர்த்த கரடி.

— சரி, நான்தான். ரெண்டு நாளும் காலையில நீ எந்திரிக்கறதுக்கு முன்னாடி திறந்துவிட்டேன். கூண்டு நிறைய இருந்துச்சு. விரல் நீளத்துல சால்மன் குஞ்சுங்க.

— அடப்பாவி. போன கோடை பூரா, மேல மலையில சுரங்கம் தோண்ட வந்திருக்கானே, அந்தச் சுரங்கக்காரன் முகாமுக்குப் படகு ஓட்டின. உனக்கு என்னடா கொடுத்தான்?

— கூலி கொடுத்தான். அதோட சரி. என்னை விலைபோனவன் ஆக்காத.

— பின்ன ஏன்?

— அம்மா என்ன சொல்லி வளர்த்தா? பிடிச்சா தின்னு, தின்ன மாட்டேன்னா பிடிக்காத. பிடிச்சு, அளந்து, படம் எடுத்து, திரும்ப விட்டா அது மீனோட விளையாடுறது. அவமானப்பட்ட மீன் அந்த ஆத்துக்குத் திரும்பாது. உன் படம் ஆங்கரேஜ் நகரத்து மீன்வள ஆபீஸ்ல பத்திரமா இருக்கும். ஓடை வெறிச்சோடிக் கிடக்கும். சும்மா சொல்லலை.

— நான் சொல்றதையும் கேட்டுக்கோ. இந்த ஓடையில சால்மன் வளருதுன்னு படம் காட்டினாத்தான் சட்டம் காக்கும். ஆபீஸுக்குப் படம் அனுப்ப நாளைக்குச் சாயங்காலம் கெடு. தவறிச்சுன்னா மேல மலையைக் குடைவான். கீழ விரிகுடாவுல நம்ம வலையில அவன் கழுவிவிட்ட சேறுதான் விழும். குளிர்காலத்துக்கு உன் பொண்டாட்டி எந்த மீனைடா புகை போட்டு வைப்பா?

— மிரட்டாத.

— மிரட்டலை. ஒண்ணு செய்யலாம். இன்னிக்கு ராத்திரி விழுறதைப் படம் எடுத்துட்டு, அப்படியே வறுத்துத் தின்னுடலாம்.

— குஞ்சையா?

— முள்ளோட. சட்டியில என்ன ஆச்சுன்னு ஆபீஸ்காரன் கேக்க மாட்டான். அப்ப அது விளையாட்டில்லையே?

— இல்ல. தின்னா அது சாப்பாடு. சரி, நான் தொடலை.

*

— எந்திரி, விடிஞ்சுடுச்சு. கூண்டைத் தொட்டியா?

— போர்வையை விட்டுக் கையைக்கூட எடுக்கலை.

— அப்ப தூக்கு.

— அக்கா, தண்ணி ஏன் சிமெண்ட் கரைச்ச மாதிரி வருது?

— மழைகூட இல்லையேடா. கூண்டைத் தூக்கு முதல்ல.

— எல்லாம் வயித்தைக் காட்டிக்கிட்டுக் கிடக்குங்க. செவுளெல்லாம் சேறு. வெளிய இருந்தது கீழ ஓடித் தப்பிச்சிருக்கும். கூண்டுல இருந்தது எங்க போகும்?

— மேல துளை போட ஆரம்பிச்சுட்டான். கெடுகூட முடியலையே. எந்தத் தைரியத்துல?

— முந்தாநாள் ரேடியோவுல அத்தான்கிட்ட என்ன பேசின?

— கூண்டு அத்தனையும் காலி, ஓடையில ஒண்ணுமே இல்ல போலன்னு. உன்னை நம்பித்தான் சொன்னேன்.

— எல்லாப் படகும் கேக்குற அலைவரிசையில.

— வேற எதுல பேசுவேன்? இங்க இருக்கறது அது ஒண்ணுதானே.

— அவன் முகாம்லயும் அதைத்தான் போட்டு வச்சிருப்பான்.

— அதைக் கேட்டுத்தான் துணிஞ்சிருக்கான். மீனே இல்லாத ஓடை, யாரு கேக்கப் போறான்னு. தள்ளு, செத்ததையாவது படம் எடுக்கறேன். ஏன்டா அப்படிப் பாக்கற?

— இல்லக்கா. அவன் அப்படி நினைக்கலை. மீன் எங்க விழுதுன்னு நம்ம ஆளுங்க என்னிக்காவது ரேடியோவுல உள்ளதைச் சொல்லியிருக்காங்களா? காலின்னு சொன்னா வலை கிழியக் கிழிய விழுதுன்னு அர்த்தம். மீன் நிறைய இருக்குன்னு புரிஞ்சுதான், நீ படம் அனுப்பறதுக்குள்ள ஓடையைச் சேறாக்கிட்டான். போன கோடையில அவன் முகாம்ல சாப்பிடறப்ப, எல்லாரும் சிரிக்கட்டும்னு அதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.