வெறும் கசாயம்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாய் என்றால் பயம். ஜெர்மனியின் எசன் நகரில் நான் நாய் வைத்தியன் என்று பெயர் எடுத்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும்.

தொடக்கி வைத்தவர் மேல்மாடி ஹெல்கா. 2005 கோடையில் அவருடைய நாயை உண்ணி கடித்து லைம் நோய் வந்தது. கால் வீங்கி நொண்டியது. மிருக வைத்தியர் கொடுத்த குளிசைகளை என் கையில் திணித்து, "இந்த இரசாயனத்தை எறிந்துவிடுங்கள், உங்கள் ஆயுர்வேதத்தைத் தாருங்கள்" என்றார். நான் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன். எங்கள் நிறத்தைக் கண்டாலே மூலிகை தெரியும் என்று இவர்களுக்கு ஒரு நினைப்பு. மறுக்க எனக்கு வாய் வரவில்லை. வேர்க்கொம்புச் சுக்கும் மல்லியும் அவித்தேன். எறியச் சொன்ன குளிசைகளைத் தூளாக்கி, வேளைக்கு வேளை அதிலேயே கரைத்துக் கொடுத்தேன்.

நாய் எழுந்து ஓடியது. ஹெல்கா ஊரெல்லாம் சொன்னார். தெருவில் என்னை 'ஹெர் தவராசா' என்று மரியாதையாகக் கூப்பிடத் தொடங்கினார்கள். அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

அடுத்த வருடம், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பழக்கமான பேர்பெச்சுவா என்ற பெண் வந்தார். அவருடைய நாய் ஜிம்மிக்கும் அதே நோய்.

"குளிசையை நிப்பாட்டிப்போட்டன் அண்ணை. உங்கடை கசாயத்தைத் தாங்கோ."

"நல்லது. மிச்சக் குளிசையை என்னட்டைத் தாங்கோ."

"அதெல்லாத்தையும் கக்கூசுக்கை கொட்டிப்போட்டன்."

ஹெல்காவின் நாயை எழுப்பியது குளிசைதான். ஒரே ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். ஆனால் தமிழ் விளங்காவிட்டாலும் ஹெல்கா பக்கத்தில் நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் கசாயத்தை ஊற்றிக் கொடுத்தேன். இலையுதிர் காலத்தில் ஜிம்மி சிறுநீரகம் பழுதாகிச் செத்தது. மிருக வைத்தியரின் குளிசைதான் அதைக் கெடுத்தது என்று பேர்பெச்சுவா அழுதார். நானும் தலையாட்டினேன்.

இன்று காலை அவர் மறுபடியும் வந்தார். கெண்டைக்காலில் உண்ணி கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவந்திருந்தது. மனிதருக்கு இது நரம்பையும் இதயத்தையும் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

"டொக்டர் எழுதித் தந்த மருந்துத் துண்டைக் கிழிச்சுப்போட்டன் அண்ணை. எனக்கு நீங்கள் இருக்கிறியள்தானே?"

"ஓம்" என்றேன்.

போத்தலை நிரப்பிக் கொடுத்தேன். ஒருவர் வைத்த நம்பிக்கையை முகத்துக்கு நேரே உடைக்கும் அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.