மாயாண்டி எப்படிச் செத்தார் என்று சொன்ன ஆசிரியருக்கு

மலைச்சரிவில் பிறந்த பிள்ளைகளுக்கு மார்பு நிமிர்த்தி நிற்கக் கற்பித்த மாண்பாளரே, பாலைவனத்தில் மண்வெட்டி பிடித்த கையால் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டவரே, மூடுபனிக் காலையிலும் முதல் ஆளாய் வந்து முறுவலோடு நின்றவரே, டிக்கோயாவுக்கு மேலே உள்ள எங்கள் தோட்டப் பாடசாலையின் உடற்பயிற்சி ஆசிரியர் அழகுமுத்து ஐயா அவர்களே, வணக்கம்.

இன்றோடு ஓய்வு பெறுகிறீர்கள். அன்பின் ஊற்று, அடக்கத்தின் இருப்பிடம், பண்பின் பெட்டகம் என்று பத்துப் பட்டம் எழுதிக் கண்ணாடி போட்டுக் கொடுப்பது இத்தகைய மடல்களின் வழக்கம். வாங்கிக்கொண்டு போய் மாட்ட உங்களுக்கு ஒரு சுவர் வேண்டும். இம்மாத முடிவில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் உள்ள உங்கள் அறையைக் காலி செய்யும்படி தோட்ட நிர்வாகம் உங்களுக்கு உத்தரவு கொடுத்திருக்கிறது. அதைத் தடுக்க எங்களால் முடியவில்லை. ஆகையால் பட்டங்களை விட்டுவிட்டு, நீங்கள் செய்தது இன்னது என்று சொல்கிறோம். உங்களை முன்னால் உட்கார வைத்துக்கொண்டே உங்கள் கதையைச் சபைக்குச் சொல்வதைப் பொறுத்தருள வேண்டும்.

உலக யுத்தம் நடந்த நாற்பத்தோராம் ஆண்டு ஒரு காலைப் பெரட்டில், வேலைக்குப் பிரிந்து போகுமுன் ஆட்கள் வரிசையில் நிற்கையில், வெள்ளைக்கார ராஜாவின் பட்டாளத்துக்குத் திடமான ஆட்கள் வேண்டும் என்று தோட்டத்துத் துரை கேட்டார். இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். ஒருவர் அழகுமுத்து. மற்றவர் அவருடைய கூட்டாளி மாயாண்டி. தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரர், கல்யாணமாகி ஒரு வருடம் ஆகாதவர். மனைவி அம்மாக்கண்ணு அப்போது முழுகாமல் இருந்தார். துப்பாக்கி கிடைக்கும் என்று நம்பித்தான் இருவரும் போனார்கள். எகிப்துக்கு அப்பால் மணற்காட்டில் இறக்கிவிட்டு ஆளுக்கொரு மண்வெட்டி கொடுத்தார்கள். மலையில் நீர் வடியும் கான் வெட்டிப் பழகிய கைகள் அங்கே பதுங்குகுழியும் வெட்டின, புதைகுழியும் வெட்டின.

மாயாண்டி திரும்பவில்லை. மார்பில் குண்டு வாங்கி வீரமரணம் எய்தினார் என்று துரை அம்மாக்கண்ணுவிடம் சொன்னார். யுத்தம் முடிந்து அழகுமுத்து வந்து, பாடசாலையில் டிரில் மாஸ்டராக அமர்ந்தபோது, அம்மாக்கண்ணு அவரிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை. துரை சொன்னதே அவருக்குப் போதுமாயிருந்தது.

ஆண்டுதோறும் யுத்தத்தில் இறந்தவர்களின் நினைவு நாளான நவம்பர் பதினொன்றாம் தேதி துரை பாடசாலைக்கு வருவார். பிள்ளைகளின் சட்டையில் சிவப்புக் காகிதப் பூக் குத்தப்படும். மௌன அஞ்சலி முடிந்ததும் அழகுமுத்து பதக்கங்களோடு எழுந்து யுத்தக் கதை சொல்வார். கப்பல், ஒட்டகம், ஆகாய விமானம். சாவின் பக்கம் போகமாட்டார். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள், துரை தலையாட்டுவார். அதே நேரத்தில் மேல்மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு மௌனமும் கிடையாது, பூவும் கிடையாது.

ஐம்பத்து மூன்றாம் ஆண்டு, ஐந்தாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். மாயாண்டியின் மகள் மீனம்மா. தகப்பன் போன பிறகு பிறந்தவள்.

"மாஸ்டர், எங்கப்பாவுக்கு எந்த எடத்துல குண்டு பட்டுச்சு?"

துரைக்குத் தோட்டத் தமிழ் நன்றாகவே தெரியும். "சொல்லு அழகுமுத்து, நெஞ்சிலதானே" என்று சிரித்தார்.

அழகுமுத்து அந்தப் பிள்ளையைப் பார்த்தார். மாயாண்டியின் அதே அகன்ற நெற்றி. நெஞ்சைத் தொட்டுக் காட்டினால் போதும். எல்லாரும் கைதட்டிவிட்டு மிட்டாய் வாங்கிக்கொண்டு போவார்கள். அவருக்குக் கை எழும்பவில்லை.

"குண்டு படல பாப்பா. பேதியில போனாரு. ரத்தமும் சீதமுமா போயி, எந்திரிக்க முடியாமக் கெடந்து செத்தாரு. வெள்ளக்காரச் சிப்பாய்ங்களுக்குக் குடுத்தது போக மிஞ்சினாத்தான் எங்க கூடாரத்துக்கு மருந்து வரும். மிஞ்சல. உம் பேரு என்னான்னு தெரியாமலே உன்னயப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தாரு."

பின்வரிசையில் ஒருவன், பேதி என்ற சொல்லுக்கே சிரித்தான். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. துரை தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் முதல் மீனம்மாவுக்குப் பட்டப்பெயர் வந்தது. "பேதி மாயாண்டி மக வர்றா, மூக்கப் பொத்துங்கடா." மூன்றாம் நாள் அம்மாக்கண்ணு கொழுந்துக் கூடையோடு மைதானத்துக்கே வந்து, அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் கேட்டார்.

"ஏண்ணே, ஒங்களுக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்? குண்டடிபட்டவரு பொண்டாட்டின்னுதான் கங்காணிகூட என்னயக் கை நீட்டிப் பேச மாட்டாரு. ராசாவுக்காகச் செத்தவரு மகளுன்னு சொல்லிச் சொல்லித்தான் இதப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனேன். இருந்த ஒண்ணையும் புடுங்கிட்டீங்களே. அவரு அப்பிடிச் செத்தாருன்னா அத ஒங்க வயித்துக்குள்ளயே வச்சிருக்கக் கூடாதா?"

அன்று மாலையே துரையிடமிருந்து தோட்ட அலுவலகத்துப் பெரிய கிளாக்கர் வந்தார். அடுத்த திங்கட்கிழமை பிள்ளைகள் முன்னால் நின்று, ஆள் மாறிச் சொல்லிவிட்டேன், அது வேறொருவன், மாயாண்டி குண்டடிபட்டுத்தான் இறந்தார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். சொல்லாவிட்டால் ஆசிரியர் விடுதியில் இடமில்லை. அந்த ஒரு வார்த்தையை அம்மாக்கண்ணுவும் விரும்பினார், துரையும் விரும்பினார். ஊரே விரும்பியது. அழகுமுத்து மட்டும் விரும்பவில்லை. அந்த வார்த்தையைச் சொன்னால், மருந்து மிஞ்சாத கூடாரத்தில் கிடந்தவர்கள் எல்லாரும் இல்லாமற் போவார்கள் என்று நினைத்தார். சொல்லவில்லை.

விடுதி போயிற்று. லயத்தில் கடைசி அறை கிடைத்தது. அம்மாக்கண்ணுவின் அறைக்கு அடுத்த அறை. பாத்திரம் கழுவிய தண்ணீரை அவர் வாசல் பார்த்தே அம்மாக்கண்ணு கொட்டுவார். நவம்பர் விழாவில் அவர் பேசக்கூடாது என்றும் உத்தரவாயிற்று.

மைதானத்தில் பாதியாய்ச் சொன்னது பட்டப்பெயராய்ப் போனதால், மீதியை லயம் லயமாகப் போய்ச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் வாசலில், சலூன் கடை பெஞ்சில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் படியில் உட்கார்ந்து சொன்னார். "நான் பொதச்சதுல குண்டடிபட்டவங்க கொஞ்சம் பேரு. பேதியிலயும் காய்ச்சல்லயும் போனவங்கதான் ரொம்ப. வெள்ளக்கார ஆபீசரும் அப்பிடிப் போனான். அவன் வீட்டுல யாரும் சிரிச்சிருக்க மாட்டாங்க" என்பார். சிரித்த பிள்ளைகளே வளர்ந்து வந்து கேட்டார்கள். தோட்டத் தமிழருக்கு இந்த நாட்டில் பிரஜாவுரிமை இல்லை என்று சட்டம் வந்து, ராஜாவின் பட்டாளத்தில் இருந்த தாமும் நாடற்றவரானதைச் சொல்லும்போது மட்டும் அவரே சிரிப்பார். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வராது.

அப்புறம் பெண்கள் வரத் தொடங்கினார்கள். றொசல்லையிலிருந்து, யுத்தத்தில் தம்பியைப் பறிகொடுத்த ராசம்மா, பொகவந்தலாவையிலிருந்து பஸ் மாறி மாறி வந்த வேலாயி. எங்க ஆளு எப்படிப் போனாரு என்று கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்வார். தெரியாததைத் தெரியாது என்பார். அழுகிறார்களே என்று ஒரு சொல் கூட்டிச் சொன்னதில்லை. அடுத்த அறைக் கதவோரம் நின்று, அம்மாக்கண்ணு ஒவ்வொருவருக்கும் கிடைத்த பதிலைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனாலும் அழகுமுத்துவோடு பேச்சு இல்லை.

போன மாதம், நவம்பர் பதினொன்று கழிந்த ஞாயிறு, அம்மாக்கண்ணு வந்தார். நடந்ததை எங்களிடம் சொன்னவரும் அவரே. மடலில் எழுதச் சொன்னவரும் அவரே.

வாசலில் நின்றபடியே கேட்டார்: "தலமாட்டத் தெக்க வச்சுத்தானே பொதச்சீங்க?"

நம் சனங்களில் அப்படித்தான் வைப்பார்கள். ஆமாம் என்றால் அந்தப் பெண் நிம்மதியாகப் போய்விடுவார் என்று அழகுமுத்துவுக்குத் தெரியும்.

"தெரியல தங்கச்சி. அன்னிக்கி ஒரே மணல்காத்து. சூரியனே தெரியல. தெக்கு எது வடக்கு எதுன்னு எனக்குப் புரியல. குழிய வெட்டுனேன், கம்பளியில சுத்தி வச்சேன், மூடுனேன்."

அம்மாக்கண்ணு படியில் உட்கார்ந்தார். "தெக்கதான்னு சொல்லியிருந்தீங்கன்னா அப்பிடியே போயிருப்பேன்" என்றார். "அப்ப புள்ளயப் பத்திப் பேசுனாருன்னதும் நெசந்தான். என்ன பேசுனாரு, சொல்லுங்க."

அழகுமுத்து சொன்னார். அது அவர்கள் இருவருக்கும் மீனம்மாவுக்கும் உரியது, இங்கே எழுதவில்லை. மீனம்மா எங்கள் தோட்டத்தின் முதல் பட்டதாரியாய், இன்று இதே பாடசாலையில் ஆசிரியை.

ஐயா, உங்களால் ஒரு தாய்க்குப் பன்னிரண்டு ஆண்டுகள் வலித்தது; ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் முழுக்கக் கேலி கேட்டது. அதை மறைத்து உங்களைப் பாராட்டினால், நீங்கள் எங்களுக்குக் கற்பித்தது வீண். ஆனால் உங்களை வாழவிடாத பொய், துரை சொன்ன பெரிய இடத்துப் பொய். அது இன்னும் காகிதப் பூக் குத்திக்கொண்டு நிற்கிறது.

நூறாண்டு வாழ்க என்று வாழ்த்துவது எளிது. எங்கே வாழ்வீர்கள் என்று எங்களுக்கே தெரியவில்லை. ஆனாலும் வாழ வேண்டும் ஐயா. இருமலைக் கவனியுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள், போகிற இடத்தின் விலாசத்தை எங்களிடம் கட்டாயம் கொடுத்துவிட்டுப் போங்கள். கேட்கத் துணியாமல் கதவோரம் நிற்கும் பெண்கள் இந்த மலைகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வந்து கேட்கும்வரை நீங்கள் இருக்க வேண்டும்.

என்றும் உங்கள் அன்பில் நிற்கும்
ஆசிரியர்களும் ஊழியர்களும்
தோட்டப் பாடசாலை, டிக்கோயா
டிசம்பர் 1965