பெரிய எழுத்தில் பதிந்தது

மார்ச் 11, செவ்வாய்.

நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. மூன்றாம் வார்டுக் கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தி ஓடும் என்பதை மறந்து, பார்த்த நேரத்தை அப்படியே எழுதிவிட்டேன். ஊசி போட்டது 10.42 அல்ல, 10.40. திருத்திவிட்டேன். என் ஞாபகத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

பகலில் மருத்துவமனைச் சேர்க்கைப் பிரிவில் வேலை. மாலையில் நிரல் எழுதும் வகுப்பு. நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று கேட்டுக் கணினியில் பதிவது என் பொறுப்பு. பிறகு டாக்டர் ஒரு மருந்தைக் குறித்தால், நிரல் இரண்டு பெயரையும் ஒப்பிடும். ஒன்றாக இருந்தால் திரையில் சிவப்புப் பட்டை வரும். நர்சுகள் பதிவைப் படிப்பதில்லை, பட்டையைத்தான் பார்ப்பார்கள். எல்லோரும் ஆங்கிலச் சிறிய எழுத்திலேயே அடிப்பது எங்கள் பழக்கம்.

இரண்டு மாதம் முன்பு வகுப்பில் சொன்னார்கள்: பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கணினிக்கு வேறு வேறு, ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் சிறிய எழுத்தாக்கிவிட வேண்டும். மறுநாள் ஒரு கற்பனை நோயாளியை வைத்து எங்கள் நிரலைச் சோதித்தேன். பெரிய எழுத்தில் பதிந்தால் பட்டை வரவில்லை. ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரியை எழுதிக்கொண்டு, நிரலை உருவாக்கியவரிடம் போனேன். ஓயாமல் பேசுவதால் அவருக்கு ரேடியோ என்று பெயர்.

"ரெண்டு மாசம் வகுப்புக்குப் போனதும் என் புரோகிராம்ல நொட்டையா?" என்றார்.

"சோதிச்சுப் பார்த்தேன் சார். பட்டை வரல."

"இல்லாத ஆளை வச்சு விளையாடாதம்மா. அஞ்சு வருஷமா ஓடுது. நிஜ நோயாளி ஒருத்தருக்குத் தப்பினதைக் காட்டு, அப்புறம் பேசலாம்." பிறகு அறை முழுக்கக் கேட்கும்படி, "மேடத்துக்கு ஒரு நாற்காலி போடுங்கப்பா, இனிமே இவங்கதான் இங்க எல்லாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கேட்டது நியாயம் என்றுதான் தோன்றியது. ஒருவேளை நான்தான் தவறோ என்று வாரக்கணக்கில் யோசித்தேன்.

நேற்றுக் காலை ஒரு பேருந்து ஓட்டுநர் நெஞ்சுச் சளியோடும் காய்ச்சலோடும் வந்தார். கூடவே மனைவி. ஒத்துக்கொள்ளாத மருந்து எது என்று கேட்டதும் ஓட்டுநர் ஓர் ஊசியின் பெயரைச் சொன்னார்.

"தங்கச்சி, அந்த ஊசி மட்டும் எனக்கு ஆகாது. ஒரு தடவை போட்டு, பொழைச்சதே பெரிசு. மறக்காம எழுதிக்கம்மா."

"எழுதிட்டேன் அண்ணே."

பொய் சொல்லவில்லை. எழுதினேன், பெரிய எழுத்தில். அப்படி எழுதினால் பார்வைக்கும் தெளிவாக இருக்கும்.

அந்தக் காய்ச்சலுக்கு எங்கள் டாக்டர் முதலில் குறிப்பது அந்த ஊசிதான். மனைவியை மருந்துக் கடைக்கு அனுப்பினேன். வார்டுக்குப் போனபோது ஓட்டுநர் அரைமயக்கத்தில் இருந்தார். நர்ஸ் திரையைப் பார்த்தார். பட்டை இல்லை. நான் வாசலில் நோட்டோடு நின்றேன். 10.40 ஊசி. 10.43 கழுத்தைச் சொறிந்தார். 10.45 உதடு வீங்கியது. அப்போதே குரல் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால், யாராவது தற்செயலாகக் கவனித்துவிடுவார்கள், நிரலில் குறையில்லை என்று ரேடியோ சாதித்திருப்பார். 10.49க்கு நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினார். 11.20க்குத் துணியால் மூடினார்கள்.

இன்று விசாரணை நடந்தது.  ரேடியோவை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். ஓட்டுநரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒருத்திதாம்மா அவர் சொன்னதைச் சரியா எழுதியிருக்க" என்றார். எனக்கும் கண் கலங்கியது. என் வரியை மாலைக்குள் நிரலில் சேர்க்கும்படி நிர்வாகி சொன்னார். சேர்த்துவிட்டேன்.

ஆனாலும் மனம் ஒப்பவில்லை. வகுப்புக்குப் போக ஆரம்பித்து நான்கே மாதம் ஆகிறது. எங்காவது கோட்டை விட்டிருப்பேனோ என்று ஒரு பயம். கற்பனை நோயாளியை வைத்துப் பார்த்தால் பட்டை வருகிறது. அது மட்டும் போதாது என்று எனக்குச் சொல்லித் தந்தவர் ரேடியோதான்.

நாளைய வேலை: ஒன்பது மணிக்கு ஒரு தையற்காரப் பெண் அதே காய்ச்சலோடு சேர வருகிறார். அவருக்கும் அதே ஊசி ஆகாது என்று போனில் சொன்னார். பெரிய எழுத்தில் பதிந்துவிட்டு, வாசலில் நின்று பார்க்க வேண்டும்.