கொட்டிவிட வேண்டிய முதல் டம்ளர்

வக்கீல்: இன்னொரு வாட்டி சொல்லுங்க. சாராயத்தை எப்படிக் காய்ச்சினீங்க?

வெல்டர்: எத்தனை வாட்டி மேடம்... கோர்ட்ல சொல்லித்தானே ரெண்டு வருஷம் வாங்கினேன்.

வக்கீல்: அந்த ரெண்டு வருஷத்தை ரத்து பண்ணத்தான் அப்பீல் எழுதறேன். நாளைக்குக் கடைசி நாள். ஜாமீன்ல வெளிய இருக்கீங்க, ஞாபகம் இருக்கட்டும்.

மனைவி: சொல்லுங்களேன். வாயையும் சேர்த்து வெல்டிங் வெச்சுட்டீங்களா?

வெல்டர்: பழத்தையும் சர்க்கரையையும் ஊறப் போட்டேன். அப்புறம் அடுப்புல ஏத்தினேன். குழாய் வழியா வடிஞ்சுது.

வக்கீல்: முதல்ல வடிஞ்சதை என்ன பண்ணீங்க?

வெல்டர்: அதான் நல்ல சரக்கு. பத்திரமா பாட்டில்ல பிடிச்சு வெச்சேன்.

மனைவி: ஐயையோ! அதைக் குடிச்சா கண்ணு போயிடும்! முதல் டம்ளரைக் கீழ கொட்டிட்டுத்தான்...

வக்கீல்: ம்? ஏன் நிறுத்திட்டீங்க?

மனைவி: இல்ல... அப்படின்னு பேசிக்குவாங்க.

வெல்டர்: அவளுக்கு ஒண்ணும் தெரியாது மேடம்.

வக்கீல்: உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியல. ஜட்ஜ் கிட்டயும் இதையேதான் ஒப்பிச்சிருக்கீங்க. லேப் ரிப்போர்ட்டைப் பாருங்க. பன்னிரண்டு பாட்டில். ஒண்ணுல கூட முதல்ல வடியற அந்த விஷம் இல்ல. யாரோ பார்த்துப் பார்த்துக் கொட்டியிருக்காங்க.

வெல்டர்: லேப்ல தப்பா எழுதியிருப்பாங்க மேடம்.

வக்கீல்: இதான் என்னோட முதல் பாயிண்ட். நீங்க காய்ச்சவே இல்ல. அப்ப யாருன்னு அடுத்த கேள்வி வரும்.

மனைவி: வரட்டும். நான்தான் காய்ச்சினேன்.

வெல்டர்: ஏய்! வாயை மூடு!

வக்கீல்: கடவுளே... பதினெட்டு வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன்... அந்தத் தண்ணியை இப்படித் தள்ளும்மா.

மனைவி: ரெய்டு வந்தப்ப நான் பாப்பாவைத் தூக்கிட்டுத் தையல் கிளாஸ் போயிருந்தேன் மேடம். திரும்பி வந்தா இவரு ஜீப்ல. எல்லாம் நான்தான்னு சொல்லிட்டாராம். பாப்பா இடுப்புல இருந்தா... நான்தான்னு அப்பவே சொல்லாம விட்டுட்டேன்.

வெல்டர்: அப்பீல் வேணாம் மேடம். பைலை மூடுங்க. நான் உள்ள போறேன்.

மனைவி: நீங்க ஏன் போகணும்?

வெல்டர்: பாப்பாவுக்கு மூணு வயசு. யோசிச்சுப் பேசு.

மனைவி: போலீசுக்குப் போன் பண்ணிக் காட்டிக் குடுத்தானே ஒருத்தன், அந்தப் பாவியை உள்ள போடட்டும்! அவன் யாருன்னு பைல்ல இருக்கா மேடம்?

வக்கீல்: பேர் இல்ல. பேசினதை மட்டும் எழுதியிருக்காங்க. இருங்க, பார்க்கறேன்...

வெல்டர்: அது எதுக்கு இப்ப? விடுங்க மேடம்...

வக்கீல்: ‘பானையை மட்டும் உடைச்சுட்டுப் போயிடுங்க சார். மத்தியானம் மூணு மணிக்கு வாங்க. அப்ப வீட்ல பொம்பளை இருக்க மாட்டா.’

மனைவி: நான் கிளாஸ் போற நேரம் வரைக்கும் தெரிஞ்சவனா? எவன்ங்க அவன்? ... ஏங்க, என்னைப் பாருங்க... ஏன் தலையைக் குனிஞ்சுக்கறீங்க?

வெல்டர்: அடுப்பு சீறி உன் தோள்பட்டை வெந்துச்சு. ரெண்டடி தள்ளிப் பாப்பா தூங்கிட்டு இருந்தா. காய்ச்சாதேன்னு எத்தனை தடவை கெஞ்சினேன்... நீ கேக்கல. பானையை உடைச்சுட்டுப் போயிடுவாங்கன்னுதான் போன் பண்ணேன். காய்ச்சின ஆள் யாருன்னு கேப்பாங்கன்னு... எனக்குத் தோணவே இல்ல.