பலா மரத்தில் கட்டிய இளங்கொடி

கிட்ட வந்து குந்துங்க கண்ணுகளா, மனசுல தங்குற கதை ஒண்ணு வச்சிருக்கேன். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து வரிசை வீட்டுல வேலாயியும், டயகமயிலருந்து வந்த அவ அண்ணன் பொன்னையாவும் பேசுனது. அவுங்க வாயாலயே கேளுங்க.

வேலாயி: ...அதான் சொல்றேண்ணே, பெரட்டுக்குப் பேரு குடுக்க ஆளுக எறங்குறதுக்குள்ள மாட்டை ஓட்டிட்டுப் போயிருங்க. வெயில் ஏறுனா மாட்டு டாக்டரு வந்துருவாரு.

பொன்னையா: வரட்டுமே. ரத்தந்தானே எடுக்கப்போறாரு.

வேலாயி: ரத்தத்துல சீக்குன்னு தெரிஞ்சா மாட்டையே கொண்டுபோயிருவாங்களாம். செவலை நீங்க சீராக் குடுத்த மாடு. அதுவும் போச்சுன்னா...

பொன்னையா: மொதல்ல சாயத்தண்ணி குடு. இருட்டோட நடக்க ஆரம்பிச்சவன்.

வேலாயி: நடந்துக்கிட்டே குடிங்க.

பொன்னையா: நல்ல உபசாரம்டி. மச்சான் எங்க?

வேலாயி: உள்ள படுத்திருக்காரு. காச்சல். பொழுது சாய ஏறும், விடிய வேர்த்து எறங்கும். ரெண்டு மாசமா இதே. இடுப்பு புடிச்சுக்கிட்டு, தேயிலை வெட்டுற கவ்வாத்துக் கத்தியத் தூக்க முடியல.

பொன்னையா: டிஸ்பென்சரில என்ன சொன்னாங்க?

வேலாயி: குளிர் காச்சல்னு கொயினா மாத்திரை குடுத்தாங்க. கேக்கல. நேத்துத்தான் மருந்தய்யா கேட்டாரு, வீட்டு மாடு மாசம் நெறையாமக் கன்னு வீசுச்சான்னு.

பொன்னையா: நீ என்ன சொன்ன?

வேலாயி: இல்லைன்னுட்டேன்.

பொன்னையா: வேலாயி...

வேலாயி: ஏழு மாசச் செனைண்ணே. கன்னு செத்து விழுந்துச்சு. அவருதான் கைய விட்டு, உள்ள தங்குன எளங்கொடிய, அந்த நஞ்சுக்கொடிய எடுத்தாரு. வெளிய சொன்னா, ஆகாத வீடும்பாங்க. மாசம் நெறஞ்சு பொறந்துதான் செத்துச்சுன்னு சொல்லிக் கன்னப் பொதைச்சேன். ஊரு நம்பணும்ல? எளங்கொடியச் சாக்குல சுத்திப் பலா மரத்துல கட்டுனேன். பால் மரத்துல கட்டுனாத்தானே மடி நெறையும்...

பொன்னையா: காக்கா விட்டுருக்காதே.

வேலாயி: கொத்திப் புல்லு மேலெல்லாம் போட்டுருச்சு. மிச்சத்த நாயி இழுத்துச்சு. அந்தப் புல்லத்தான் மூணு வீடும் அறுத்தோம். பக்கத்து வீட்டு நாகலெட்சுமி அக்கா மாடும் கன்னு வீசுச்சு. அப்புறம் அழகம்மா மாடு. கண்ணு பட்டுருச்சுன்னு அவ எங்கிட்டயே வந்து அழுதா. நான் முதுகத் தடவிக் குடுத்துக்கிட்டு நின்னேன்.

பொன்னையா: எளங்கொடியக் கட்டவே கூடாது தாயி. ஆழமாத் தோண்டி, சுண்ணாம்பு கொட்டிப் பொதைக்கணும். பாலையும் பச்சையாக் குடிக்கப்படாது. எளங்கன்னுகளுக்கு ஊசி இருக்கு. மச்சான் காச்சலும் இந்தச் சீக்குத்தான்.

வேலாயி: இதெல்லாம் யாரு சொன்னா ஒங்களுக்கு?

பொன்னையா: கேள்விப்பட்டேன்.

வேலாயி: அப்ப நாலு நாளைக்கு ஒங்க பட்டில ஓரமாக் கட்டுங்க. டாக்டரு போனதும் ஓட்டியாந்துருங்க.

பொன்னையா: முடியாது.

வேலாயி: அண்ணி வையுமா?

பொன்னையா: அவ என்னைய வைய ஆரம்பிச்சு ரொம்ப நாளாச்சு. அதுக்கில்ல... மருந்தய்யாகிட்ட உள்ளதச் சொல்லு. சொன்னாத்தான் மச்சானுக்கு ஏத்த மருந்து குடுப்பாங்க.

வேலாயி: ஒங்களுக்குச் சொல்ல லேசு. ஒங்க பட்டில நாலு மாடு நிக்குது. எனக்கு இது ஒண்ணு.

பொன்னையா: ஒண்ணும் நிக்கல தாயி. போன மாசம் நாலையும் டாக்டரு ஓட்டிட்டுப் போயிட்டாரு. செவலையை ஒனக்குக் குடுக்க முந்தியே அதோட தாய் கன்னு வீசுச்சு. நானும் எளங்கொடிய மரத்துலதான் கட்டுனேன், ஊரு கண்ணுக்கு. சீர் மாடு வரலைன்னா ஒன்னைப் பேசுவாங்களேன்னு வாய மூடிக்கிட்டு ஓட்டியாந்தேன். இந்த லயத்துக்குச் சீக்கு வந்தது என் சீரோடதான். இன்னைக்கு நான் வந்தது மாட்டை ஓட்ட இல்ல... டாக்டரு முன்னால, அழகம்மாவும் கேக்க, அதைச் சொல்ல.

கேட்டிருந்த கண்ணுகளா, ஒங்க வீட்டுச் செனைமாடு மாசம் நெறஞ்சு ஈணட்டும். ஒங்க வீட்டுல படுத்தவங்க எந்திரிச்சு நடக்கட்டும்.