கவுண்டரில் கேட்ட தே தாரிக்

கோத்தா திங்கி போகும் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இளையவள் கல்லூரி அலுவலகக் கவுண்டரில் வேலை செய்பவள். என் மகளுக்கும் அதே வேலைதான்.

“பரீட்சை எழுத விடலன்னு ஒரு பையன் என்னை அடிக்க நாற்காலியத் தூக்கிட்டான்க்கா. நான் ஃபோன எடுத்து, ‘ஒரு தே தாரிக்’னேன்.”

“அலமாக்! அந்த நேரத்துல தேத்தண்ணியா?”

“நாங்க பேசி வச்ச சொல்லு அது. ஃபோன்ல அதக் கேட்டதும் கேட்டுல காவலுக்கு நிக்கிற ஜாகா ஓடி வரணும். போன வருஷம் எங்க கவுண்டர் மாலாவ ஒருத்தன் அடிச்சப்போ உள்ள யாருக்குமே தெரியலயே.”

“வந்தாங்களா?”

“ரெண்டு பேரு வந்தாங்க. பின்னாலயே மொத்த ஆபீஸும் வந்து நின்னுச்சு. அவன் நாற்காலிய மெதுவா கீழ வச்சிட்டு, ‘சாரி மிஸ்’னான்.”

“அப்புறம் நீ என்ன பண்ணின?”

“வேற என்ன லா. வரிசை நம்பர் பட்டன அமுக்கி அடுத்த நம்பரக் கூப்பிட்டேன்.”